போஸ்ட்டாக்குக்கு அட்மிஷன் கிடையாது

"அக்கா, ஜெர்மனியில போஸ்ட்டாக் அட்மிஷன் எந்த மாசம் போடுவாங்க?"

பசுமலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி இதைக் கேட்டவள், நான் பிஎச்.டி. முடித்த அதே ஆய்வகத்தில் எனக்குப் பல வருடம் பின்னால் சேர்ந்தவள். தீசிஸுக்கு முன் தர வேண்டிய சுருக்கமான சினாப்சிஸைக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு மேலூர்ப் பக்கம் விவசாயம். கேள்வியில் தப்பில்லை. பி.எஸ்சி.க்கு அப்ளிகேஷன், எம்.எஸ்சி.க்கு அட்மிஷன், பிஎச்.டி.க்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த நமக்கு, அடுத்த படியும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு.

பிஎச்.டி.க்குப் பிறகு வரும் போஸ்ட்டாக் படிப்பு அல்ல, ஆய்வு வேலை. ஒரு பேராசிரியர் ஒரு ஆய்வுத் திட்டம் எழுதி நிதி வாங்கியிருப்பார். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பணம் தீர்ந்துவிடும். அதற்குள் குறிப்பிட்ட வேலையை முடித்துத் தர, பயிற்சி பெற்ற ஓர் ஆள் அவருக்கு வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் விளம்பரம் கொடுக்கிறார். ஆகவே இதற்கு அட்மிஷன் மாதம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்க விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று தானாகவே விளங்கும்.

நான் மதுரையில் மின்வேதியியலில் பிஎச்.டி. முடித்து, ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அதனால் ஜெர்மனி உதாரணங்கள் கொஞ்சம் அதிகமாக வரும். மற்ற நாடுகளுக்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றதும் பி.இ., எம்.இ. படித்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஜெர்மனியில் டியூ9 என்ற பெயரில் ஆஹன், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக் முதலிய ஒன்பது தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. இயற்பியல், வேதியியல், கணிதத் துறைகள் அங்கே பெரிய துறைகள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் உயிர் அறிவியலும் உண்டு. நெதர்லாந்தின் 4டியூ கூட்டமைப்பில் டெல்ஃப்ட், ஐந்தோவன், ட்வென்டே ஆகியவற்றோடு, வேளாண் ஆய்வுக்குப் பேர்போன வாஹனிங்கனும் சேர்ந்திருக்கிறது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் படித்தவருக்கும், காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் செய்தவருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

எப்போது தொடங்குவது

சினாப்சிஸ் கொடுத்த அன்றே. நம் பல்கலைக்கழகங்களில் சினாப்சிஸ், தீசிஸ், தேர்வாளர் அறிக்கை, வைவா என்று நகர்ந்து முடிய மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தை வெறுமனே காத்திருந்து கழிக்க வேண்டாம். "முனைவர் பட்டம் பெற்றவர் அல்லது விரைவில் பெறவிருப்பவர்" என்று பல விளம்பரங்களிலேயே இருக்கும். தீசிஸ் சமர்ப்பித்துவிட்டதாக ஒரு கடிதமும், வைவா முடிந்ததும் ப்ரொவிஷனல் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழா வரைக்கும் காத்திருந்தால் ஒரு வருடம் கையைவிட்டுப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிஎச்.டி. முடித்த நாளிலிருந்து உங்களுக்கான காலக்கெடு ஓட ஆரம்பித்துவிடும். ஸ்வீடனில் போஸ்ட்டாக் பணிக்கு, பட்டம் பெற்று மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஜெர்மனியின் ஹம்போல்ட் நிதியில் போஸ்ட்டாக் பிரிவுக்கு நான்கு வருடம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் நிதிக்கு ஆறு வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி நிதிக்கு, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் எட்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. "ரெண்டு வருஷம் காலேஜ்ல இருந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்தான். ஆனால் எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுங்கள். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி விட்ட பெண்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்கிடும் வழக்கம் ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று நாலு வருடம் போய்விட்டது, இனி வாய்ப்பில்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். விதியைத் திறந்து படியுங்கள்.

இரண்டு வழிகள்

ஒன்று, விளம்பரம் வந்த வேலைக்கு விண்ணப்பிப்பது. திட்டம் பேராசிரியருடையது, பணமும் அவருடையது. நீங்கள் ஆளாகப் போய்ச் சேர்கிறீர்கள். இன்னொன்று, ஒரு பேராசிரியரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்த ஆய்வுத் திட்டத்தை எழுதி ஒரு நிதி நிறுவனத்துக்கு அனுப்புவது. ஹம்போல்ட், மரி கியூரி, ஜேஎஸ்பிஎஸ் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஹம்போல்ட்டுக்கு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். மரி கியூரி வழக்கமாகச் சித்திரைத் திருவிழாவை ஒட்டித் திறந்து செப்டம்பரில் மூடும். அழகர் மலைக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தால் சரியாக இருக்கும். மரி கியூரியில் இன்னொரு விதியையும் கவனியுங்கள்: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் தங்கியோ வேலை பார்த்தோ இருக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வழிதான் சீக்கிரம் பலன் தரும். நான் போனதும் அப்படித்தான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். விளம்பர வேலை கிடைக்காவிட்டாலும், உங்கள் கடிதம் பிடித்திருந்தால், "நிதிக்கு விண்ணப்பியுங்கள், நான் ஆதரிக்கிறேன்" என்று சொல்லும் பேராசிரியர்கள் உண்டு.

தேடும் இடங்கள் அதிகம் வேண்டாம். ஐரோப்பாவுக்கு யூராக்ஸெஸ், நெதர்லாந்துக்கு அகடமிக் டிரான்ஸ்ஃபர், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் ஏசி யூகே. இவை போதும். இவற்றைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தீசிஸின் மேற்கோள் பட்டியலை எடுங்கள். அதில் அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து ஆய்வுக் குழுக்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவின் பக்கத்தையும் மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வேலையைப் படித்தவுடனே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்தான். சில ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலப் பக்கத்தில் எல்லா விளம்பரமும் இருக்காது. ஜெர்மன் பக்கத்தில் 'ஸ்டெல்லன்ஆங்கெபோட்டெ' என்ற தலைப்புக்குள் இருக்கும்.

பணம் கட்டினால் போஸ்ட்டாக் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆளை எடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் இடைத்தரகர் வழியாக உங்களிடம் காசு கேட்காது.

விளம்பரத்தை வரி வரியாகப் படிப்பது

இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். தலைப்பில் 'பேட்டரி' என்று பார்த்ததும் சி.வி.யை அனுப்பிவிடுகிறார்கள். ஒரு விளம்பரத்தைப் படிக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் பேனாவோடு உட்காருங்கள்.

முதல் பத்தி, திட்டம் என்ன என்று சொல்லும். சோடியம் அயனி பேட்டரியில் மின்முனை எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே, 'செய்ய வேண்டிய பணிகள்' என்று நாலைந்து வரி. அதற்கும் கீழே, 'எதிர்பார்க்கும் தகுதிகள்'. இந்தத் தகுதிகளில் இரண்டு வகை கலந்து கிடக்கும். சிலவற்றுக்குக் 'கட்டாயம்' என்ற தொனி இருக்கும். சிலவற்றுக்கு 'இருந்தால் நல்லது' என்ற தொனி. கட்டாயம் என்பதில் ஒன்று குறைந்தாலும் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் இருந்து, 'இருந்தால் நல்லது' வகையில் பாதிதான் இருக்கிறது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். ஜெர்மன் மொழி பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். பைத்தான் தெரியவில்லை, ஜெர்மன் தெரியவில்லை என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் அந்த வேலையில் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் மூன்று எழுத்துகள் இருக்கும். ஆண், பெண், பிற பாலினம் மூவருமே விண்ணப்பிக்கலாம் என்று அதற்குப் பொருள். தகுதி சமமாக இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்ற வரியும் ஏறக்குறைய எல்லா ஜெர்மன் விளம்பரத்திலும் வரும். அதைப் பார்த்து, இந்த இடம் ஒதுக்கீட்டு இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 'நிதி ஒப்புதலுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருந்தால் மட்டும் கவனம்: பணம் இன்னும் வரவில்லை, தேர்வானாலும் காத்திருக்க நேரலாம்.

அடுத்தது சம்பள வரி. 'டிவி-எல் ஈ13, நூறு சதவீதம்' என்று இருந்தால், மாநில அரசு ஊழியர் சம்பள ஒப்பந்தத்தில் 13ஆம் நிலை, முழு நேர வேலை. 2025 பிப்ரவரி நிலவரப்படி அதன் முதல் படியில் மாதம் சுமார் 4,630 யூரோ. அனுபவத்தைக் கணக்கில் எடுத்து மேல் படியில் வைப்பதும் உண்டு. இது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. தனி ஆளாகப் போனால் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை பிடித்துவிடுவார்கள். யூரோவை ரூபாயாக மாற்றி வீட்டில் சொல்லும்போது பிடித்தம் போக மீதியைச் சொல்லுங்கள். ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று அம்மா அப்பா அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

'ஸ்டைபெண்ட்' என்று இருந்தால் அது வேறு. அது உதவித்தொகை, வேலை ஒப்பந்தம் அல்ல. வரி இருக்காது, கையில் வரும் தொகை கிட்டத்தட்டச் சமமாகக்கூட இருக்கலாம். ஆனால் வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியப் பங்கோ வேலையிழப்புக் காப்பீடோ கிடையாது. மருத்துவக் காப்பீட்டையும் பெரும்பாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டும் கையில் இருந்தால் வேலை ஒப்பந்தத்தை எடுங்கள் என்பேன். குடும்பத்தோடு போகிறவர்கள் கண்டிப்பாக.

கடைசித் தேதியில் நேரத்தையும் பாருங்கள். அங்கே இரவு 11.59 என்றால் கோடையில் நமக்கு விடிகாலை 3.29, குளிர்காலத்தில் 4.29. மரி கியூரிக்கு பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. செப்டம்பரில் நமக்கு இரவு 8.30. ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

கடிதம்

நான் அங்கே வேலை பார்த்தபோது, எங்கள் குழுவில் சோடியம் அயனி பேட்டரி வேலைக்கான ஓர் இடத்துக்கு வந்த விண்ணப்பங்களை முதல் சுற்றில் பிரிக்கும் பொறுப்பு எனக்கும் இன்னொருவருக்கும் வந்தது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவற்றை நான் ஆசையோடு திறந்தேன். பெரும்பாலானவை ஒரே கடிதம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் வாழ்நாள் கனவு என்று போய், எனக்கொரு வாய்ப்புத் தாருங்கள் என்று முடியும். எங்கள் பேராசிரியர் ஒரு பெண். சோடியம் என்ற சொல் எந்தக் கடிதத்திலும் இல்லை. நல்ல பேப்பர் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கடிதங்களை ஓரம் வைக்க எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த நாள்தான்.

ஆகவே, 'டியர் ப்ரொஃபெசர்' என்று எழுதி, அவருடைய குடும்பப் பெயரைச் சரியான எழுத்தில் போடுங்கள். முதல் பத்தியில் இரண்டே செய்தி: எந்த இடத்துக்கு எழுதுகிறீர்கள், விளம்பர எண்ணோடு, இப்போது நீங்கள் எங்கே, எந்த நிலையில் இருக்கிறீர்கள். இரண்டாவது பத்திதான் உயிர். அவர்கள் கேட்ட பணிகளில் இரண்டையோ மூன்றையோ எடுத்து, அதை நீங்கள் ஏற்கெனவே எங்கே, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'எனக்கு இம்பிடென்ஸ் அளவீட்டில் அனுபவம் உண்டு' என்று எழுதினால் அது எல்லோரும் எழுதுவது. 'நாலு வருடம் ஒரே இம்பிடென்ஸ் கருவியைப் பார்த்துக்கொண்டேன், இத்தனை செல்களை அளந்தேன், குறைந்த அதிர்வெண்ணில் வந்த இரைச்சலை இப்படிச் சரிசெய்தேன், அதன் முடிவு இந்தப் பேப்பரின் மூன்றாம் படத்தில் இருக்கிறது' என்று எழுதினால், படிப்பவருக்கு அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்பது தெரியும்.

நம் ஆய்வகங்களில் கருவி கெட்டால் கம்பெனி ஆள் வர ஒரு மாதம் ஆகும். அதனால் நாமே திறந்து பார்த்துச் சரிசெய்யக் கற்றுக்கொள்கிறோம். ஒரு மாதிரியை அளக்கக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்குப் பஸ் ஏறிப் போய், கிடைத்த ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்புகிறோம். இதையெல்லாம் குறையாக நினைத்து மறைக்காதீர்கள். கிடைத்த ஒரு நாளுக்குத் திட்டம் போட்டு வேலையை முடிக்கத் தெரிந்த ஆள் எந்தக் குழுவுக்கும் தேவை. அதைக் கடிதத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது பத்தியில், அந்தக் குழு அண்மையில் வெளியிட்ட ஒரு பேப்பரைப் படித்துவிட்டு, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த ஓர் உண்மையான கேள்வியைச் சொல்லுங்கள். புகழ வேண்டாம், கேள்வி போதும். மொத்தம் ஒரு பக்கம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை இலக்கணம் பார்க்க வைத்துக்கொள்ளலாம். கடிதத்தையே அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் கை பட்ட விவரங்கள் அதற்குத் தெரியாது, அந்த விவரங்கள் இல்லாத கடிதம் எல்லாக் கடிதத்தையும் போலவே இருக்கும்.

சி.வி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்று உறுதிமொழியும் கையெழுத்தும்: எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அது பயோடேட்டா, ஆய்வாளரின் சி.வி. அல்ல. படிப்பு, ஆய்வு அனுபவம், தெரிந்த கருவிகளும் முறைகளும், பேப்பர்கள், மாநாடுகள், மாணவர்களுக்கு வழிகாட்டியது. இவை போதும். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களில் போட்ட பேப்பர் இருந்தால், பட்டியல் நீளும் என்று அதைச் சேர்க்காதீர்கள். நல்ல இதழில் வந்த இரண்டே பேப்பர், அப்படிப்பட்ட பன்னிரண்டைவிட மேல்.

கைடும் ரெஃபரன்ஸும்

விளம்பரத்தில் இரண்டு அல்லது மூன்று பேருடைய பெயர் கேட்பார்கள். ஒருவர் உங்கள் கைடு. அவர் இல்லாமல் நடக்காது. தீசிஸ் விஷயத்தில் மனக்கசப்பே இருந்தாலும் போய்ப் பேசுங்கள். மற்றவர், உங்கள் வேலையை நேரில் பார்த்த யாராவது: டாக்டரல் கமிட்டி உறுப்பினர், கூட்டாகப் பேப்பர் எழுதியவர், சிக்ரி போன்ற இடத்தில் கருவியைக் கற்றுக்கொடுத்தவர். முதல்வர், டீன் என்று பெரிய பதவியைப் பார்த்துப் பெயர் கொடுத்தால், அவர்களுக்கு உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

"நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் கைடுகள் நம் பக்கம் நிறைய. அன்பாகத்தான் சொல்கிறார்கள், வேலைப் பளு அப்படி. ஆனால் நீங்களே எழுதிய கடிதம் உங்கள் மற்றக் கடிதத்தின் நடையிலேயே இருக்கும், படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுங்கள்: எந்த இடம், என்ன திட்டம், அவரிடம் நான் செய்த வேலைகளில் அதற்குப் பொருந்துபவை எவை, கடைசித் தேதி எது. "சார், இதுல இருக்கிறதுல உங்களுக்குச் சரின்னு படறத மட்டும் உங்க வார்த்தைல எழுதுங்க சார்" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். என் கைடு அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, நானே மறந்துபோன ஒரு சம்பவத்தை எழுதியிருந்தார். பேட்டியில் அவர்கள் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான்.

பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தை உங்களிடம் கேட்காமல், கைடுக்கு நேராக ஒரு மின்னஞ்சல் இணைப்பை அனுப்பும். அது குப்பைப் பெட்டிக்குள் போய்விடும், அல்லது சில நாளில் காலாவதியாகும். ஆகவே விண்ணப்பம் அனுப்பிய அன்றே ஒரு போன்: "சார், இந்தப் பேர்ல ஒரு மெயில் வரும், ஸ்பாமும் பாத்துருங்க சார்." மூன்று நாள் கழித்து இன்னொரு போன். தொந்தரவு என்று தயங்க வேண்டாம். முடிந்தவரை அவருடைய கல்லூரி அல்லது பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். சில இடங்களில் தனிப்பட்ட முகவரியை ஏற்பதில்லை.

பெயரும் இனிஷியலும்

இது நம் தமிழர்களுக்கே உரிய சிக்கல், வேறு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பேப்பரில் கே. முத்துச்செல்வி. பட்டத்தில் முத்துச்செல்வி கே. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் கருப்பசாமி. கல்யாணமான பிறகு ஆதாரில் கணவர் பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள். அங்கே இருக்கும் அலுவலருக்கு நாலு பேர். பேராசிரியர் உங்களை 'டாக்டர் கருப்பசாமி' என்று அழைப்பார். அப்பாவைக் கூப்பிடுவது போல இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

செய்ய வேண்டியது மூன்று. ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்சிட் எண் ஒன்று இலவசமாக எடுத்து, எந்தப் பெயரில் வந்த பேப்பராக இருந்தாலும் அதில் சேர்த்துவிடுங்கள். சி.வி.யில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதி, கீழே 'பேப்பர்களில் இந்தப் பெயரில்' என்று ஒரு வரி சேருங்கள். பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவைப்பட்டால் வேலை கிடைக்கும் வரை காத்திருக்காமல் இப்போதே ரேஸ்கோர்ஸ் பக்கம் உள்ள பாஸ்போர்ட் அலுவலக வேலையைத் தொடங்குங்கள். விசா அவசரத்தில் அதைச் செய்யப் போனால் மாதம் கடந்துவிடும்.

பேட்டி

பெரும்பாலும் காணொளியில்தான். பதினைந்து இருபது நிமிடம் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்வார்கள், பிறகு கேள்விகள். பேச்சில் தீசிஸின் ஐந்து அத்தியாயத்தையும் அடைக்காதீர்கள். ஒன்றை எடுத்து ஆழமாகச் சொல்லி, கடைசி மூன்று நிமிடம் 'இது உங்கள் திட்டத்துக்கு எப்படி உதவும்' என்று முடியுங்கள். தெரியாததைக் கேட்டால், "தெரியாது, ஆனால் இப்படித் தொடங்கிப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். நம் வைவாக்களில் தெரியாது என்று சொல்லப் பயந்து பழகிவிட்டோம். அங்கே அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு.

"உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கடைசியில் கேட்பார்கள். "நோ சார், தேங்க்யூ சார்" என்று முடித்துவிடாதீர்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது என்ன செய்கிறார், முதல் ஆறு மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், ஒப்பந்தம் நீட்டிக்க வாய்ப்பு உண்டா? இந்த மூன்றையும் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பதில் சொல்லும் விதத்திலேயே அந்தப் பேராசிரியரோடு இரண்டு வருடம் ஓட்ட முடியுமா என்று தெரிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். குளிர்காலத்தில் அங்கே காலை 10 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நேரம். உங்கள் ஏரியாவின் பெயர் முந்தின நாள் பேப்பரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் வேறு ஏரியாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். எதற்கும் போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

இங்கேயே செய்வதானால்

எல்லோராலும் வெளிநாடு போக முடியாது, போக வேண்டும் என்பதும் இல்லை. முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான எஸ்ஈஆர்பி நடத்திய தேசிய போஸ்ட்டாக் நிதி, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் ஏஎன்ஆர்எஃப் வழியாக வருகிறது. இரண்டு வருடம், வயது வரம்பு 35, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 வருடம் தளர்வு உண்டு. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் தங்கள் சொந்த நிதியிலும் போஸ்ட்டாக் எடுக்கின்றன. அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு, 2023இல் திருத்திய விகிதப்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை, வீட்டு வாடகைப்படி தனி. சிக்ரி மாதிரி ஓர் இடத்தில் ஒரு வருடம் ரிசர்ச் அசோசியேட்டாக இருந்து, ஒரு பேப்பரும் ஒரு புதிய கருவியும் கைவசமான பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துப் போனவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர்.

வேலை கிடைத்த பிறகு

மின்னஞ்சலில் 'வாழ்த்துகள்' வந்தவுடன் கல்லூரி வேலையை விட்டுவிடாதீர்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் வரட்டும்.

ஜெர்மனிக்கு, உங்கள் பல்கலைக்கழகம் அனபின் என்ற, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயரைத் தேடாதீர்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம். அமெரிக்கன் கல்லூரியில் படித்திருந்தால் மதுரை காமராசர் என்றும், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்திருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் என்றும் தேடுங்கள். பெயருக்கு எதிரே 'ஹெச் பிளஸ்' என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு என்று பொருள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து விசாக் காகிதங்களோடு வையுங்கள். விசா ஆராய்ச்சியாளர் வகையிலும் வாங்கலாம், உயர்கல்வி பெற்ற வேலையாட்களுக்கான ப்ளூ கார்டு வகையிலும் வாங்கலாம். 2025இல் ப்ளூ கார்டுக்கு ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்தது. முழு நேர ஈ13 அதைத் தாண்டிவிட்டது. ப்ளூ கார்டு என்றால் கணவரோ மனைவியோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதாமலே கூட வரலாம். எது சரிப்படும் என்று பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மையத்திடம் கேளுங்கள். அதற்கென்றே ஆட்கள் வைத்திருக்கிறார்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள். விசாவுக்காகச் சென்னைக்கு நேரில் போக வேண்டியிருந்தால், முந்தின இரவு பாண்டியனில் ஏறினால் விடியும்போது எழும்பூர்; வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம்.

பணத்தை முன்கூட்டியே யோசியுங்கள். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். வங்கிக் கணக்கோ காகிதமோ தாமதமானால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். வீட்டுக்கு முன்பணம், வெப்பச் செலவு சேராத வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். டிக்கெட் போக, இரண்டு மூன்று மாதச் செலவுக்கான தொகை கையில் வேண்டும். நான் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் போனேன், ஐந்தாம் மாதம் மீட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சம்பளம் வரும் வேலைதானே, எதற்குப் பணம் என்று வீட்டில் கேட்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணச் செலவு தருவீர்களா என்று பேராசிரியரிடம் கேட்பதிலும் தப்பில்லை. சிலர் தருவார்கள்.

போய் இறங்கி வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காகிதம் வந்தால்தான் வரி எண் வரும், மற்ற வேலைகளும் நகரும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் தேவை. ஆகவே தற்காலிகமாக அறை பிடிக்கும்போதே, "இந்த முகவரியில் பதிவு செய்ய விடுவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

டீக்கடையில் கேட்டவள் இப்போது பதினோரு குழுக்களின் பட்டியலை வைத்திருக்கிறாள். முதல் கடிதத்தை நேற்று எனக்கு அனுப்பினாள். இரண்டாவது பத்தியில், பழைய பொட்டென்ஷியோஸ்டாட் கருவியை அவளே பிரித்துச் சரிசெய்த கதை இருந்தது. 'ரெஸ்பெக்டட் சார்' மட்டும் இன்னும் இருந்தது. அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.